குரல் வேணும், ஆள் வேண்டாம்: பழைய கார்ட்டூன்களுக்குள் ஒளிந்திருந்தவர்கள்

(ஒலி வடிவில் வெளியான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)



டாம் அண்ட் ஜெர்ரி பார்க்காதவர்கள் நம்மில் ரொம்பக் கம்மி. அதில் ஒரு ஜோடிக் கால் வருமே, ஞாபகம் இருக்கா? தடித்த பழுப்பு நிறக் கால்கள், சரிந்து கிடக்கும் காலுறை, வீட்டுச் செருப்பு, கையில் ஒரு துடைப்பம். டாம் ஒரு தட்டை உடைத்துவிட்டால் போதும், தடதடவென்று அந்தக் கால்கள் வந்து நிற்கும். "தாமஸ்!" என்று ஒரு பெண்குரல் அதட்டும். அடுத்த நொடி டாம் வாசலுக்கு வெளியே பறந்துபோய் விழும். இவ்வளவும் நடக்கும், ஆனால் அந்தப் பெண்ணின் முகம் மட்டும் வராது.

யார் அந்தப் பெண்? அவர் முகத்தை ஏன் காட்டவில்லை? இன்றைக்குப் பேசப்போவது இந்தக் கேள்வியைத்தான். பதில் தேடிப் போனால் அமெரிக்கக் கார்ட்டூன் குறும்படங்களின் முதல் நாற்பது வருஷத்தையும் தொட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. யாரைச் சிரிக்க வைக்க, யாரை வைத்து, யார் வரைந்தார்கள் என்ற கதை அது.

முதலில் ஒரு தேதி சொல்றேன். டாம் அண்ட் ஜெர்ரியின் முதல் படம், 'புஸ் கெட்ஸ் த பூட்', வெளியானது 1940 பிப்ரவரி 10. அந்தக் கால்கள் அதிலேயே வந்துவிட்டன. அதே மாதம் 29ஆம் தேதி, 'கான் வித் த விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் வாங்கினார். ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். விழா மண்டபத்தில் சக நடிகர்களோடு சேர்ந்து உட்கார அவருக்கு இடம் கிடையாது. தனியாக ஓரத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அங்கிருந்து எழுந்துபோய்த்தான் விருதை வாங்கினார்.

ஒரே மாதத்தில் இரண்டு பணிப்பெண்கள். ஒருவருக்கு விருது உண்டு, உட்கார இடம் இல்லை. இன்னொருவருக்குக் குரல் உண்டு, முகம் இல்லை. இது திடீரென்று வந்ததில்லை. கொஞ்சம் பின்னால் போவோம்.

மேடையிலிருந்து இறங்கி வந்த முகம்

1830கள், 40களிலேயே அமெரிக்காவில் ஒரு மேடைக் கலை பெரும் பிரபலம். அதற்கு மின்ஸ்ட்ரல் ஷோ என்று பெயர். வெள்ளைக்காரர்கள் கருக்கிய தக்கையை அரைத்து முகத்தில் பூசிக்கொள்வார்கள். உதட்டைப் பெரிதாகக் காட்டுவார்கள், கையில் வெள்ளைக் கையுறை மாட்டுவார்கள். கறுப்பின அடிமைகள் இப்படித்தான் பேசுவார்கள், இப்படித்தான் ஆடுவார்கள் என்று கொச்சையாக நடித்துக் காட்டுவார்கள். அடிமைமுறை சட்டப்படி இருந்த காலத்தில் தொடங்கியது இது. அடிமைமுறை ஒழிந்த பிறகும் ஒழியவில்லை. வாட்வில் என்ற பல்சுவை நிகழ்ச்சி மேடைகளுக்குள் புகுந்து இருபதாம் நூற்றாண்டுக்கும் வந்து சேர்ந்தது.

இப்போ கவனிங்க. அமெரிக்காவில் முதன்முதலில் படங்களை அசைய வைத்தவர்களில் பலர் அதே வாட்வில் மேடையில் இருந்தவர்கள்தான். ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன் மேடையில் ஆட்கள் முன்னால் நின்று கிடுகிடுவென்று படம் வரைந்து காட்டுபவர். 1906ல் அவர் எடுத்த 'ஹ்யூமரஸ் ஃபேசஸ் ஆஃப் ஃபன்னி ஃபேசஸ்' படத்தை அனிமேஷன் வரலாறு எழுதும் எல்லோரும் குறிப்பிடுவார்கள். அடுத்த வருஷம் அவர் எடுத்த 'லைட்னிங் ஸ்கெட்சஸ்' பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார்கள். அதில் கறுப்பினத்தவரை இழிவாக அழைக்கும் ஒரு சொல்லை எழுதி, அந்த எழுத்துகளையே ஒரு கறுப்பு முகமாக மாற்றுவார். பக்கத்தில் ஒரு யூதக் குடும்பப் பெயரை எழுதி, அதை யூத முகமாக மாற்றுவார். அந்தக் காலத்து மேடைக் கிண்டலின் இரண்டு நிரந்தரப் பாத்திரங்கள் இவை. அனிமேஷன் தன் முதல் அடிகளை எடுத்து வைத்தபோதே இந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தது.

1911ல் வின்சர் மெக்கே 'லிட்டில் நீமோ'வைப் படமாக்கினார். வரைகோட்டின் அழகுக்கு இன்றும் அதைப் போற்றுகிறார்கள். அதிலும் புல்பாவாடை கட்டிய ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவன் உண்டு, பெயர் இம்பி. 1916ல் பாட் சல்லிவனின் ஸ்டூடியோ 'சாமி ஜான்சின்' என்ற கறுப்பினச் சிறுவனை வைத்து ஒரு தொடர் எடுத்தது. அங்கே வேலை பார்த்த ஓட்டோ மெஸ்மர்தான் 1919ல் ஃபீலிக்ஸ் என்ற கறுப்புப் பூனையை உருவாக்கினார். சாமியின் சாயல் ஃபீலிக்ஸில் தொடர்கிறது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். உருவம் பூனையாகிவிட்டது, ஆனால் கரிய உடம்பு, பெரிய கண், எதற்கும் அடங்காத குறும்பு எல்லாம் அப்படியே இருந்தன.

மிக்கியின் கையுறை

இங்கே ஒரு கேள்வி வரும், வழக்கமாக நிறையப் பேர் கேட்பது. மிக்கி மவுஸுக்கு எதுக்கு வெள்ளைக் கையுறை?

தொழில் காரணம் ஒன்று இருக்கு. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்புக் கை கறுப்பு உடம்புக்கு முன்னால் வந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக் கையுறை மாட்டினால் தெளிவாகத் தெரியும். 1928ல் வந்த 'ஸ்டீம்போட் வில்லி'யில் மிக்கிக்குக் கையுறை இல்லை. 1929ல் 'த ஆப்ரி ஹவுஸ்' படத்தில்தான் முதன்முதலாக வந்தது. ஆக இது தேவைக்காக வந்தது என்று வாதாடலாம். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் தேவை என்று வந்தபோது கைக்கு எட்டிய தீர்வு எங்கே இருந்தது என்பதையும் பார்க்கணும். கரிய முகம், வெளுத்த பெரிய வாய், வெள்ளைக் கையுறை, ரப்பர் மாதிரி வளையும் உடம்பு, எத்தனை அடி வாங்கினாலும் வலிக்காத ஆள். இந்தத் தொகுப்பு முழுவதையும் மேடையில் ரசிகர்கள் எண்பது தொண்ணூறு வருஷமாகப் பார்த்துப் பழகியிருந்தார்கள். நிக்கலஸ் சாமண்ட் என்ற ஆய்வாளர் 2015ல் வெளியான 'பர்த் ஆஃப் அன் இண்டஸ்ட்ரி' என்ற புத்தகத்தில் இதைத்தான் விரிவாகச் சொல்கிறார். கார்ட்டூன் நாயகர்கள் மின்ஸ்ட்ரல் பாத்திரங்களைப் போல இருக்கிறார்கள் என்பதோடு அவர் நிற்கவில்லை. அவர்கள் மின்ஸ்ட்ரல் பாத்திரங்களேதான் என்கிறார்.

மிக்கியின் முதல் படங்களே இதற்குச் சாட்சி சொல்லும். 'ஸ்டீம்போட் வில்லி'யில் மிக்கி பாத்திரங்களைத் தட்டி, மிருகங்களைப் பிடித்து இழுத்து வாசிக்கும் மெட்டு 'டர்க்கி இன் த ஸ்ட்ரா'. அதே மெட்டு 1830களிலேயே கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் மின்ஸ்ட்ரல் பாட்டாக மேடையில் ஓடியது. 1933ல் வந்த 'மிக்கீஸ் மெல்லர்ட்ராமர்' படத்தில் மிக்கியும் கூட்டாளிகளும் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாடகம் போடுவார்கள். கறுப்பின வேஷத்துக்காக மிக்கி வாயில் பட்டாசை வைத்து வெடித்துக்கொள்ளும். புகை அடங்கியதும் முகம் கறுத்திருக்கும். அரங்கமே சிரிக்கும். மிக்கி ஏற்கெனவே கறுப்பு எலிதானே, அதற்கு எதுக்கு இன்னொரு பூச்சு என்று யாரும் கேட்கவில்லை!

'தட்ஸ் ஆல் ஃபோக்ஸ்' சொன்ன பையன்

'லூனி டியூன்ஸ்' என்றதும் நமக்குப் பக்ஸ் பன்னி, டாஃபி டக் ஞாபகம் வரும். அந்தத் தொடரின் முதல் நாயகன் இவர்கள் யாரும் இல்லை. பெயர் போஸ்கோ. ஹ்யூ ஹார்மன், ருடால்ஃப் ஐசிங் என்ற இரண்டு பேர் உருவாக்கியது.

போஸ்கோ என்ன பிராணி? குரங்கா, பூச்சியா என்று அன்றைய ரசிகர்களுக்கே குழப்பம். ஆனால் காகிதத்தில் குழப்பம் இல்லை. 1928ல் காப்புரிமைப் பதிவில் ஹார்மன் அவனைக் கறுப்பினச் சிறுவன் என்றே குறிப்பிட்டார். 1929ல் 'போஸ்கோ த டாக்-இங்க் கிட்' என்று ஒரு மாதிரிப் படம் எடுத்தார்கள். நிஜ ஐசிங் மேசையில் உட்கார்ந்து வரைவார். மையிலிருந்து போஸ்கோ எழுந்து, தென்மாநிலக் கறுப்பினத்தவர் பேச்சு என்று மேடையில் காட்டப்பட்ட அதே கொச்சையில் பேசி, ஆடி, பியானோ வாசித்துக் காட்டுவான். குரல் கொடுத்தவர் கார்மன் மேக்ஸ்வெல் என்ற வெள்ளைக்காரர். அதைக் காட்டித்தான் வார்னர் பிரதர்ஸ் வாய்ப்பைப் பிடித்தார்கள்.

1930ல் 'சிங்கிங் இன் த பாத்டப்' வெளியானது. முதல் லூனி டியூன்ஸ் அதுதான். பின்னாளில் போர்க்கி பிக் சொல்லிச் சொல்லி உலகம் முழுக்கப் பிரபலமான 'தட்ஸ் ஆல் ஃபோக்ஸ்' என்ற வழியனுப்பும் வசனத்தை முதலில் சொல்லிக்கொண்டிருந்தவன் போஸ்கோதான்.

போகப்போக அந்தப் பேச்சு குறைந்து, மிக்கி மாதிரி கீச்சுக் குரல் வந்துவிட்டது. 1933ல் ஹார்மனும் ஐசிங்கும் வார்னரை விட்டு விலகி போஸ்கோவை எம்.ஜி.எம்.முக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே அவன் உருவத்தைத் திருத்தி, பார்த்தவுடனே கறுப்பினச் சிறுவன் என்று தெரிவது போல வரைந்தார்கள். அந்தப் படங்களில் அவனைத் துரத்தும் தவளைகள் யார் தெரியுமா? லூயி ஆர்ம்ஸ்ட்ராங், ஃபேட்ஸ் வாலர், காப் காலவே. அந்தக் காலத்தின் மிகப்பெரிய ஜாஸ் கலைஞர்கள் தவளைகளாக வந்தார்கள். 1938ல் போஸ்கோ நின்றுபோனான்.

முதலில் சொன்ன 'புஸ் கெட்ஸ் த பூட்' படத்தின் பெயர்ப் பட்டியலைப் பாருங்க. உண்மையில் அதை உருவாக்கிய ஹானா, பார்பெரா பெயர்கள் அதில் இல்லை. இருக்கும் பெயர், ருடால்ஃப் ஐசிங். போஸ்கோவை மேசையில் வரைந்து காட்டிய அதே ஐசிங். முகமில்லாத அந்தக் கால்கள் எந்தப் பட்டறையிலிருந்து வந்தன என்று இப்போ புரியும்.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் தலை

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் ரொம்ப உறுத்துவதும் ஒரே ஸ்டூடியோவின் படங்கள்தான். நியூயார்க்கில் இருந்த ஃப்ளைஷர் ஸ்டூடியோ. மேக்ஸ் ஃப்ளைஷர் போலந்தின் கிராகோவில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்த யூதர். அவர் படங்களில் குடியேறிகளின் வாழ்க்கை உள்ளிருந்து தெரியும். 1932ல் வந்த 'மின்னி த மூச்சர்' படத்தில் பெட்டி பூப்பின் அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அயல்நாட்டு உச்சரிப்பில் நிறுத்தாமல் திட்டுவார். திட்டித் திட்டி அவர் தலையே கிராமபோனாகிவிடும். அம்மா எழுந்து வந்து இசைத்தட்டை மாற்றிப் போடுவார். தன் வீட்டு அப்பாவைத் தானே கிண்டல் செய்வது இது. அதில் ஒரு சொந்தம் இருக்கிறது.

அடுத்த வருஷம் டிஸ்னி எடுத்த 'த்ரீ லிட்டில் பிக்ஸ்' படத்தில் ஓநாய் யூத நடைவியாபாரி வேஷம் போட்டுக்கொண்டு பன்றிகளை ஏமாற்ற வரும். நீண்ட மூக்கு, தாடி, அதே உச்சரிப்பு. உச்சரிப்பு ஒன்றுதான், ஆனால் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பது வேறு. யூத அமைப்பிலிருந்து புகார் போனது. இரண்டாம் உலகப்போர் முடிந்து, 1948ல் மறுவெளியீட்டின்போதுதான் அந்தக் காட்சியைத் திரும்ப வரைந்தார்கள்.

சரி, ஃப்ளைஷருக்கு வருவோம். 'மின்னி த மூச்சர்' தொடங்குவது நிஜ காப் காலவேயும் அவர் இசைக்குழுவும் வருவதோடு. அவர் வளைந்து நெளிந்து நடக்கும் அந்த நடை, இன்று நமக்குக் கிடைக்கும் காலவேயின் மிகப் பழைய அசையும் பதிவு. படத்துக்குள்ளே அதே நடையை ஒரு வால்ரஸ் பேய் நடக்கும். மேக்ஸ் ஃப்ளைஷர் கண்டுபிடித்த ரோட்டோஸ்கோப் முறையில், நிஜ ஆளின் பதிவை சட்டம் சட்டமாக வைத்து அதன் மேலேயே வரைந்தது. ஆக ஒவ்வொரு அசைவும் காலவேயுடையது, உடம்பு மட்டும் பேயினுடையது. அப்போது காலவே புகழ்பெற்றிருந்தது ஹார்லெமின் காட்டன் கிளப்பில். மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், கீழே வெள்ளைக்காரப் பார்வையாளர்கள் மட்டும். கார்ட்டூனும் அந்தக் கிளப்பும் ஒரே விதியில்தான் நடந்தன.

அதே 1932ல் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கை வைத்து இன்னொரு படம் எடுத்தார்கள். தொடக்கத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் தன் குழுவோடு கம்பீரமாக வாசிப்பார். அப்புறம் கதை காட்டுக்குள் போகும். பெட்டியை நரமாமிசம் தின்பவர்கள் தூக்கிப்போவார்கள். பெட்டியின் தோழர்களை ஒருவன் துரத்துவான். துரத்திக்கொண்டே வரும்போது அவன் தலை ஆகாயத்தில் மிதக்கும் தலையாகி, ஆர்ம்ஸ்ட்ராங்கின் நிஜ முகமாக மாறிப் பாடும்.

இந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆர்ம்ஸ்ட்ராங் திரையில் வந்த மிகப் பழைய காட்சிகளில் ஒன்று, அதனால் விலைமதிப்பில்லாதது. அதே நேரம், இருபதாம் நூற்றாண்டின் மகத்தான இசைக்கலைஞர் ஒருவரையும் நரமாமிசம் தின்னும் ஒரு கேலிச் சித்திரத்தையும் ஒரே தலையாக ஒட்டிய காட்சியும் அதுதான். அந்தப் படத்திலிருந்து இசையை மட்டும் தனியே பிரித்தெடுத்து ரசிக்க எனக்குத் தெரியவில்லை.

நீதிமன்றத்துக்கு வந்த 'பூப்'

பெட்டி பூப் பற்றி இணையத்தில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றும். "பெட்டி பூப் உண்மையில் ஒரு கறுப்பினப் பெண்!" என்று போட்டு, ஒரு பழைய படமும் சேர்த்து வரும். அப்படிப் பெரிதாகப் பரவிய படங்களில் ஒன்று, இந்த நூற்றாண்டில் ஒரு மாடலை வைத்துப் பழைய பாணியில் எடுத்தது. அதைத் தள்ளிவிடுவோம். உண்மையில் நடந்தது அதைவிட யோசிக்க வைக்கிறது.

பெட்டி முதலில் வந்தது 1930 ஆகஸ்டில், 'டிஸி டிஷஸ்' படத்தில். அப்போது அவளுக்கு நாய்க் காதுகள். பின்னால் அவையே வளையக் கம்மல்களாயின. வரைந்த கிரிம் நாட்விக், ஹெலன் கேன் என்ற வெள்ளைக்காரப் பாடகியின் படத்தைப் பார்த்து வரைந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். பாட்டுக்கு நடுவே 'பூப்... பூப்' என்று மழலையாகக் கொஞ்சுவது கேனின் முத்திரை. 1932ல் அவர் இரண்டரை லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். என் முகம், என் பாணி, திருடிவிட்டார்கள் என்றார்.

வழக்கு 1934ல் விசாரணைக்கு வந்தது. எதிர்த்தரப்பு ஒரு சாட்சியைக் கொண்டுவந்தது. லூ போல்டன் என்ற மேனேஜர். பேபி எஸ்தர் என்ற பெயரில் மேடையேறிய எஸ்தர் ஜோன்ஸ் என்ற கறுப்பினச் சிறுமி, கேனுக்கு முன்பே இப்படிக் கொஞ்சு மொழி சேர்த்துப் பாடிக்கொண்டிருந்தாள், 1928ல் நியூயார்க்கில் ஒரு கிளப்பில் கேன் அதைப் பார்த்தார் என்று அவர் சாட்சி சொன்னார். எஸ்தர் பாடும் ஒரு படச்சுருளையும் நீதிமன்றத்திலேயே போட்டுக் காட்டினார்கள். இந்தப் பாணி தனக்கு மட்டுமே சொந்தம் என்று கேன் நிரூபிக்கவில்லை என்று நீதிபதி எட்வர்ட் மெக்கோல்ட்ரிக் தீர்ப்பளித்தார். கேன் தோற்றார்.

ஆக எஸ்தரைப் பார்த்துப் பெட்டியை வரைந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வழக்கில் எஸ்தரின் இடம் என்ன? அவர் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை, சாட்சிக் கூண்டில் ஏறவும் இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பாடகியைத் தோற்கடிக்க ஒரு வெள்ளைக்கார ஸ்டூடியோவுக்கு அவர் குரல் தேவைப்பட்டது. சுருளைப் போட்டார்கள், ஜெயித்தார்கள். பெட்டி பூப் இன்றுவரை பையிலும் பனியனிலும் விற்கிறாள். எஸ்தரின் பெயர் ஒரு வழக்குக் கட்டில் இருக்கிறது.

மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

திரையில் வந்ததை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். வரைந்த மேசையையும் பார்க்கணும்.

ஸ்டூடியோக்களில் பெண்கள் ஏராளம் இருந்தார்கள். பெரும்பாலும் 'இங்க் அண்ட் பெயிண்ட்' பிரிவில். ஆண்கள் வரைந்ததைச் செல்லுலாய்டு தாளில் மையால் பிரதியெடுத்து வண்ணம் பூசும் வேலை. 1938ல், வேலை கேட்டு எழுதிய ஓர் இளம்பெண்ணுக்கு டிஸ்னியிலிருந்து போன பதில் கடிதம் இப்போதும் இருக்கிறது. படைப்பு வேலைகளைப் பெண்கள் செய்வதில்லை, அதை முழுக்க இளைஞர்கள்தான் செய்கிறார்கள் என்று அதில் பளிச்சென்று எழுதியிருக்கிறது. எழுதிய தாளின் அலங்காரம் என்ன தெரியுமா? ஸ்னோ ஒயிட்.

ஃப்ளைஷரில் லில்லியன் ஃப்ரீட்மன் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனார். அமெரிக்க ஸ்டூடியோ அனிமேட்டர்களில் முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். 1933ல் ஒப்பந்தம் போட்டார்கள், வாரம் 30 டாலர். அதே வேலை பார்த்த ஆண்களுக்கு அதைப் போலப் பல மடங்கு.

பெண்களுக்காவது வண்ணம் பூசும் மேசை இருந்தது. டிஸ்னியில் முதல் கறுப்பின அனிமேட்டராக ஃப்ளாய்ட் நார்மன் சேர்ந்தது 1956ல். 'ஸ்டீம்போட் வில்லி' வந்து 28 வருஷம் கழித்து! ஒரு நகைச்சுவைக் காட்சியைப் பேசி முடிவு செய்யும் அறையில், "இது எங்க அம்மாவை வரைஞ்ச மாதிரி இல்லையே" என்று சொல்ல ஒருத்தர் இருந்தால் அந்தக் காட்சி வேறு மாதிரி வரும். அப்படிச் சொல்ல அங்கே ஆள் இல்லை. கேலிக்குப் பின்னால் எப்போதும் வன்மம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பழக்கம் இருந்தது, தடுக்க ஆள் இல்லை. வன்மத்தைவிட அது நீண்ட நாள் ஓடியது.

எதிர்ப்பு அன்றைக்கே இருந்தது

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே இருந்தாங்க, இன்னைக்கு உட்கார்ந்து ஏன் குத்தம் சொல்றோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அன்றைக்கே குற்றம் சொன்னார்கள் என்பதுதான் பதில்.

1943ல் வார்னர் பிரதர்ஸ் 'கோல் பிளாக் அண்ட் டீ செபன் ட்வார்ஃப்ஸ்' வெளியிட்டது. ஸ்னோ ஒயிட் கதையைக் கறுப்பினப் பாத்திரங்களை வைத்துச் செய்த பகடி. இயக்கியவர் பாப் கிளாம்பெட். இந்தப் படத்தை எளிதில் தூக்கிப்போட முடியாது. கிளாம்பெட் தன் ஆட்களை லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பின நடனக் கிளப்புக்குக் கூட்டிப்போய் ஆட்டத்தைப் பார்க்க வைத்தார். நாயகிக்குக் குரல் விவியன் டாண்ட்ரிட்ஜ். அவர் அம்மா ரூபி டாண்ட்ரிட்ஜும் குரல் கொடுத்தார். இளவரசனுக்கு ஜாஸ் பாடகர் லியோ வாட்சன். படத்தின் வேகமும் தாளமும் அபாரம். 1994ல் அனிமேஷன் துறையினரிடம் வாக்கெடுத்து ஜெர்ரி பெக் தொகுத்த ஐம்பது சிறந்த கார்ட்டூன்கள் பட்டியலில் 21வது இடம் இதற்கு.

ஆனால் முகங்கள்? அதே மின்ஸ்ட்ரல் உதடு, அதே கண். இளவரசனின் பல்லில் சூதாட்டக் காய்கள். குரல் கொடுத்தவர்கள் பெயர் திரையில் வரவில்லை. 1909லிருந்து கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிவரும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு, படத்தைத் திரும்பப் பெறச் சொல்லி எதிர்ப்புத் தெரிவித்தது. கறுப்பின இளைஞர்கள் அமெரிக்கச் சீருடையில் போருக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம் அது.

அதே அமைப்பு இன்னொரு படத்தில் ஜெயித்தது. வால்டர் லான்ட்ஸ் 1941ல் எடுத்த 'ஸ்க்ரப் மீ மாமா வித் எ பூகி பீட்'. தூங்கி வழியும் ஒரு கறுப்பின ஊர், பெயரே சோம்பேறி ஊர். 1948ல் மறுபடி திரைக்கு வந்தபோது எதிர்ப்புக் கிளம்பி, 1949ல் யூனிவர்சல் அதைத் திரும்பப் பெற்றது. முதல் வெளியீட்டுக்கும் மறுவெளியீட்டுக்கும் நடுவில் ஏழு வருஷம். படம் அதேதான். அதற்குள் ஒரு போர் முடிந்திருந்தது, கேட்பவர்களின் குரல் பலத்திருந்தது.

வெட்டினால் சரியாகிவிடுமா?

1968ல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் தன்னிடமிருந்த பழைய வார்னர் கார்ட்டூன்களில் பதினொன்றைத் தொலைக்காட்சிக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தது. 'கோல் பிளாக்' அதில் ஒன்று. 'சென்சார்டு இலெவன்' என்று ரசிகர்கள் சொல்வது இவற்றைத்தான். 2010ல் ஹாலிவுட்டில் டி.சி.எம். திரைப்பட விழாவில் எட்டுப் படங்களைப் புதுப்பித்துக் காட்டினார்கள். கறுப்பினத் திரை வரலாற்றாளர் டொனால்ட் போகிள் அறிமுக உரை தந்தார். பூட்டி வைப்பதற்கும் தொலைக்காட்சியில் போகிற போக்கில் ஓட விடுவதற்கும் நடுவில் இப்படி ஒரு வழியும் இருக்கு.

டாம் அண்ட் ஜெர்ரி பெண்ணுக்கு நடந்தது வேறு. ரசிகர்கள் அவரை 'மாமி டூ ஷூஸ்' என்பார்கள். ('மாமி' என்றால் நம்ம ஊர் மாமி இல்லை. வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண்ணை அப்படி அழைப்பது அங்கே பழைய வழக்கம்.) 1952ல் 'புஷ்-பட்டன் கிட்டி'யோடு அவர் வருவது நின்றது. 1960களில் படங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போனபோது, சக் ஜோன்ஸின் குழு சில படங்களில் அவரை அழித்துவிட்டு ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்ணாகத் திரும்ப வரைந்தது. குரல் ஜூன் ஃபோரே. 1990களில் பழைய உருவம் திரும்பி வந்தது, குரல் மட்டும் மாறியது. தியா விடேல் என்ற கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் அந்தக் கொச்சை இல்லாமல் பேசினார். எந்த வருஷத்துப் பிரதி கையில் இருக்கிறதோ, அதைப் பொறுத்து ஆள் மாறுவார், குரல் மாறும்.

முதல் குரல் யாருடையது? லில்லியன் ராண்டால்ஃப். வானொலியில் புகழ்பெற்றவர், 1946ல் வந்த 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் பணிப்பெண் ஆனி. பன்னிரண்டு வருஷம் டாமை அதட்டினார். ஒரு படத்திலும் பெயர் போடவில்லை. பிறகு, இழிவுபடுத்தும் காட்சியை நீக்குகிறோம் என்று நீக்கியபோது போனது எது? வரைந்தவர்கள் பெயர்கள் அப்படியே இருந்தன. பூனையும் எலியும் அப்படியே இருந்தன. அந்த ஏழு நிமிஷத்தில் இருந்த ஒரே கறுப்பினக் கலைஞரின் உழைப்பு போனது. முதல் தடவை முகத்தை மறைத்தார்கள், இரண்டாம் தடவை குரலையும் எடுத்தார்கள்.

குழந்தைகள் தனியாக உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் இந்தப் படங்களை அப்படியே போடக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வெட்டி ஒட்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி காட்டுவதை ஏற்க முடியவில்லை. 2005ல் வார்னர் நிறுவனம் பழைய கார்ட்டூன்களை டி.வி.டி.யாக வெளியிட்டபோது, படத்துக்கு முன்னால் வூப்பி கோல்ட்பர்க் வந்து பேசுவார். இவை அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனால் மறைத்தால் இப்படி நடக்கவே இல்லை என்று பொய் சொல்வதாகிவிடும் என்பது அதன் சாரம். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. இன்னும் ஒரு படி மேலே போய், பெயர்களையும் சேர்த்திருக்கலாம். எச்சரிக்கை வாசகம் போடுகிற அதே இடத்தில், குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப் என்று ஒரு வரி போட எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்த முறை ஒரு பழைய கார்ட்டூன் பார்க்கும்போது சிரிங்க, தப்பில்லை. படம் முடிந்ததும் பெயர்ப் பட்டியலைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. யார் ஆடினார்கள், யார் பாடினார்கள், யார் மை பூசினார்கள் என்று தேடுங்க. பல பெயர்கள் அங்கே இருக்காது. இருந்திருக்க வேண்டிய சில பெயர்களை இந்த எபிசோடில் சொல்லியிருக்கிறேன். கேள்விகள் இருந்தால் எழுதுங்க, அடுத்த எபிசோடில் சந்திப்போம்.